எபோனைட் எனும் கெட்டி ரப்பர்: கரண்டும் சூடும் பற்றி நம் கடற்கரையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம், பாம்பன் பக்கம் படகு ஒயரிங், பேட்டரி வேலை பார்க்கிறேன். லாரி பேட்டரியின் கறுப்புப் பெட்டியில் தொடங்கி பள்ளிக்கூட லேப் வரைக்கும் கெட்டி ரப்பரைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலும் போட்டிருக்கிறேன். கணக்கு வருகிற இடங்களில் தோராயமான எண்கள்தான். சரக்கின் தரத்தைப் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும்.

1. "அண்ணே, எபோனைட் எபோனைட்னு சொல்றீங்களே, அது ரப்பரா பிளாஸ்டிக்கா?"

ரப்பர்தான். நம் மாநிலத்தில் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகிறதே, அதே மரத்துப் பால்தான் மூலப்பொருள். ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூட்டில் வேகவைப்பார்கள். 100 கிலோ ரப்பருக்கு 1 முதல் 3 கிலோ கந்தகம் போட்டால் டியூப், வாஷர் மாதிரி இழுபடும் ரப்பர் கிடைக்கும். அதே 100 கிலோவுக்கு 40 கிலோவுக்கு மேல் போட்டு, 150 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வைத்தால் கட்டை மாதிரி இறுகிவிடும். அதைக் கடையலாம், ரம்பத்தால் அறுக்கலாம், பாலிஷ் போடலாம். ரப்பரில் கந்தகம் ஒட்டக்கூடிய இடம் முழுவதும் நிரம்ப 100-க்கு 47 கிலோ வேண்டும். அதற்கு மேல் போட்டால் மிச்சக் கந்தகம் சும்மா கிடக்கும், நாளாவட்டத்தில் மேலே பூத்து வரும்.

ரப்பரையும் கந்தகத்தையும் சூட்டில் சேர்க்கும் வித்தையை 1839-இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851-இல் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். பேக்கலைட் என்ற பிளாஸ்டிக் 1907-இல்தான் வந்தது. அதுவரை மின்சாரக் கருவி செய்கிறவர்களுக்கு வார்க்கவும் கடையவும் தோதான இன்சுலேட்டர் என்றால் முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

2. "அதை நான் எங்கே பார்த்திருப்பேன்?"

பழைய லாரி, டிராக்டர் பேட்டரிகளின் கனமான கறுப்புப் பெட்டி. பள்ளி லேபில் கம்பளியால் தேய்க்கும் கறுப்புத் தண்டு. பழைய மைப்பேனாவின் உடம்பு, நிப்புக்குக் கீழே மை இறங்கும் கட்டை. கிளாரினெட், சாக்சபோனில் வாய் வைக்கும் பகுதி. அந்தக் காலத்து டெலிபோன் ரிசீவர். கண்ணுக்குத் தெரியாத இடமும் ஒன்று உண்டு: அமிலம் வைக்கும் இரும்புத் தொட்டிகளுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் லைனிங்.

3. "கரண்ட் ஏன் அதுல போகமாட்டேங்குது?"

கரண்ட் என்றால் எலக்ட்ரான்கள் நகர்வது. செம்பில் அவை சொந்த அணுவை விட்டு உலாத்திக்கொண்டிருக்கும். வோல்ட் கொடுத்ததும் ஒரு பக்கமாக ஓடும். எபோனைட்டில் ஒவ்வொரு எலக்ட்ரானும் கார்பன், ஹைட்ரஜன், கந்தக அணுக்களின் பிணைப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுவதற்கு ஆள் இல்லை. கூடவே, இது தண்ணீரை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். காய்ந்த மரமும் நல்ல இன்சுலேட்டர்தான், ஆனால் ஈரம் குடித்த மரம் கடத்தத் தொடங்கிவிடும். எபோனைட்டின் உள்பக்கம் அப்படி மாறாது.

எண்ணில் சொன்னால், செம்பின் தன்மின்தடை 10 கோடியில் 1.7 பங்கு ஓம்-மீட்டர். கடல் தண்ணீருக்கு சுமார் 0.2. எபோனைட்டுக்கு 1-க்குப் பின்னால் 13 பூஜ்யம், அதாவது 10 லட்சம் கோடி ஓம்-மீட்டர். வோல்ட் தாங்கும் சக்தியும் அதிகம். காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் தாங்கும்; நல்ல எபோனைட் அதைப் போலப் பல மடங்கு தாங்கும். இந்தக் கடல் தண்ணீர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 5-ஆம் கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது.

4. "கரண்டைத் தடுக்குற மாதிரியே சூட்டையும் தடுக்குமா?"

தடுக்கும், ஆனால் அந்த அளவுக்குத் தடுக்காது. சூடு கடத்தும் திறனை வாட் கணக்கில் சொல்வார்கள் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு). செம்புக்கு சுமார் 400, இரும்புக்கு 50-க்குப் பக்கம், கண்ணாடிக்கு 1, எபோனைட்டுக்கு 0.16, அசையாத காற்றுக்கு 0.026. செம்போடு ஒப்பிட்டால் எபோனைட் 2,500 மடங்கு மந்தம். கரண்ட் விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமோ 6-க்குப் பின்னால் 20 பூஜ்யம் போட்ட மடங்கு! பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 2,500 ஒன்றுமே இல்லை.

காரணம் இருக்கிறது. கரண்ட் போக, நகரக்கூடிய மின்னூட்டம் வேண்டும். அது இல்லையென்றால் கதை முடிந்தது. சூடு அப்படிப்பட்டது இல்லை. அணுக்கள் அதிர்ந்தாலே போதும், பக்கத்து அணுவுக்கு அதிர்வு கைமாறிக்கொண்டே போகும். எபோனைட்டில் சங்கிலிகள் தாறுமாறாகச் சிக்கிக் கிடப்பதால் அதிர்வு சிதறி மெதுவாகப் போகிறது. ஆனால் நிற்காது. அதனால்தான் கரண்டுக்கு ஏறக்குறைய முழுத் தடை போட முடிகிறது, சூட்டுக்குத் தாமதம் மட்டும்தான் போட முடிகிறது. கையில் பிடித்தால் இரும்பு ஜில்லென்றும் எபோனைட் கதகதப்பாகவும் தெரிவதும் இதனால்தான். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், எபோனைட் நம் கைச் சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும்.

5. "எபோனைட் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் இருந்தா 230-ல தைரியமா கை வைக்கலாமா?"

மெயினை ஆஃப் செய்யாமல் எதிலும் கை வைக்காதீர்கள். இது என் முதல் பதில். ஆனால் கேள்வி நியாயமானது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான விஷயம் இதற்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிடியின் கனம் 5 மில்லிமீட்டர், உள்ளங்கை படும் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்று வைப்போம். 3-ஆம் பதிலில் உள்ள எண்ணைப் போட்டால் பிடியின் தடை 10 லட்சம் கோடி ஓம் வருகிறது. 230 வோல்ட்டில் அதன் வழியே போகும் கரண்ட், ஒரு ஆம்பியரை 10,000 கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. ஒன்றுமே தெரியாது. இப்போது அதே பிடி படகில் கிடந்து உப்புச் சாரல் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடி மேல் 10 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலத்தில் கடல் தண்ணீர்ப் படலம். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கடல் தண்ணீரின் 0.2-ஐ வைத்துப் போட்டால் அந்தப் படலத்தின் தடை 4,000 ஓம். நனைந்த உடம்புக்கு 1,000 ஓம் சேர்த்துக்கொண்டாலும் 46 மில்லி ஆம்பியர் பாயும். 1 மில்லி ஆம்பியரிலேயே சுருக்கென்று தெரியும், 10-ஐத் தாண்டினால் பிடித்த கை விடாது. கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகிற, வீட்டில் மாட்டும் ஆர்சிசிபி 30-க்குள் விழவேண்டும் என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

எபோனைட்டின் உள்ளே எதுவும் கெடவில்லை, கரண்ட் தோல் வழியாகப் போய்விட்டது. பத்தடிக்குச் சுவர் எழுப்பிவிட்டு கேட்டைத் திறந்து போட்ட கதைதான். நம் கடற்கரையில் எந்த இன்சுலேட்டரைப் பற்றிப் பேசினாலும், அது எதனால் செய்தது என்று கேட்பதற்கு முன்னால் அதன் மேலே என்ன படிந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். 12, 24 வோல்ட் படகு லைனில் இதனால் பெரிய ஷாக் அடிக்காது. ஆனால் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், கரையிலிருந்து இழுத்த லைன் என்று 230 வந்தால் கதை வேறு.

6. "துணியால நல்லா துடைச்சுட்டுத்தான் வேலை பார்க்குறோம், பிறகென்ன?"

காய்ந்த துணியால் துடைத்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர்க்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் மத்தியான வெயிலில்கூட அதைவிட ஈரம் இருக்கும். எனவே உப்புப் படிந்த பரப்பு, பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தாலும், உண்மையில் காய்வதே இல்லை. வீட்டில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் தண்ணீர் விடுவதும் இதே சங்கதி.

நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். குடிக்கத் தண்ணீருக்கே குடம் தூக்கும் ஊரில் இதற்குத் தண்ணீரா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு டம்ளர் போதும்.

7. "தடைக்காலத்துல போட்டைக் கட்டிப் போட்டா, எந்த லைட்டும் போடாமலே பேட்டரி இறங்கிடுதே, பெட்டி வழியா கரண்ட் லீக் ஆகுதா?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்ததும் வருகிற முதல் கேள்வி இதுதான். பெட்டியின் சுவர் வழியாக லீக் ஆகாது, அது எபோனைட்டாக இருந்தாலும் சரி, இப்போது வரும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் சரி. பேட்டரி சும்மா இருந்தாலே கொஞ்சம் தானாக இறங்கும், அது அதன் சுபாவம். வெயில் ஏற ஏற அது கூடும். மிச்சத்துக்குக் காரணம் மேல்மூடியின் அழுக்கு. சார்ஜ் ஏறும்போது தெறிக்கிற அமில நீர், தூசி, உப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு டெர்மினலுக்கும் நடுவே பாதை போட்டுவிடும். பேட்டரி அமிலம், கடல் தண்ணீரைவிட சுமார் 15 மடங்கு நன்றாகக் கடத்தும். 5-ஆம் பதிலில் சொன்ன மாதிரி மெல்லிய படலம் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு இருந்தால், 12 வோல்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வரும். கேட்க அற்பம். 61 நாளைக்குக் கணக்குப் போட்டால் 44 ஆம்பியர்-அவர் போயிருக்கும்.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலில் தொட்டு, மறுமுனையை மூடியின் மேல் அங்கங்கே வையுங்கள். சுத்தமான மூடியில் முள் அசையாது. அழுக்கு மூடியில் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டும், பாசிட்டிவை நெருங்க நெருங்க ஏறும். நேரில் காட்டினால்தான் பலர் நம்புகிறார்கள். சரிசெய்ய, செல் மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரை பிரஷ்ஷால் தேய்த்து, நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவிடுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. டெர்மினல் ஒயரைக் கழற்றி வைப்பது தனி நன்மை.

8. "பேட்டரியை சிமெண்டுத் தரையில வைக்கக் கூடாதுன்னு எங்க அத்தா சொல்வாரே, காக்கா?"

கீழக்கரையில் இருந்து வந்த கேள்வி (அங்கே அத்தா என்றால் அப்பா, காக்கா என்றால் அண்ணன்). அந்தக் காலத்துக்கு அது சரி. அப்போது பேட்டரியை மரப்பெட்டியில் அடைத்து வைப்பார்கள். மரம் அமிலத்தையும் ஈரத்தையும் குடிக்கும், ஈரத் தரையில் வைத்தால் லீக் ஆக வழி உண்டு. எபோனைட் பெட்டி வந்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. பலகை போட்டு வைப்பதில் தப்பில்லை, ஆனால் பேட்டரி இறங்கினால் தரையைக் குறை சொல்லாமல் மூடியைப் பாருங்கள்.

9. "எங்கிட்ட இருக்கிற பழைய பெட்டி எபோனைட்டா பிளாஸ்டிக்கா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

உடைந்த சில்லு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். இப்போதைய பெட்டிகள் பாலிபுரோப்பிலீன். அதன் அடர்த்தி 0.9, மிதக்கும். எபோனைட் 1.15-க்கு மேல், கடல் தண்ணீரிலும் முங்கும். பேக்கலைட்டும் முங்கும் என்பதால் அடுத்த சோதனை மோப்பம். உப்புத்தாளில் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் எபோனைட்டில் கந்தக வாடை வரும், பேக்கலைட்டில் கார்பாலிக் வாடை வரும். நெருப்பு வைத்துப் பார்க்காதீர்கள். எபோனைட் எரிந்தால் கரும்புகையும் கந்தக டை ஆக்சைடும் வரும், தொண்டையைப் பிடிக்கும்.

இன்னொன்று. பேட்டரிப் பெட்டி சுத்தமான எபோனைட் கிடையாது. விலை குறைய நிலக்கரித் தூள் மாதிரி நிரப்பிகளைச் சேர்ப்பார்கள். பெட்டிக்கு அது போதும். லேப் கருவிக்கு வேண்டுமென்று அந்தப் பெட்டியில் இருந்து அறுத்து எடுக்காதீர்கள்.

10. "பெட்டியில விரிசல் விட்டுருச்சு, சூடு காட்டி ஒட்டலாமா?"

முடியாது. பிளாஸ்டிக் மாதிரி இது உருகாது. ஒருமுறை வெந்தபின் கந்தகப் பிணைப்பு அவிழாது. சூடு காட்டினால் முதலில் வளையும், அப்புறம் கருகும். வெளிப்புறக் கீறலை எபாக்ஸி பூசி கொஞ்ச நாள் ஓட்டலாம். அமிலம் கசிகிற விரிசல் என்றால் பெட்டிக்கு விடை கொடுத்துவிடுங்கள். எபோனைட்டின் பெரிய பலவீனமே இதுதான், கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகப் போகும். பாலிபுரோப்பிலீன் அதை ஓரங்கட்டியதற்கு எடையும் இந்த உடையும் குணமும்தான் காரணம். கரண்டைத் தடுப்பதில் எபோனைட் எந்த விதத்திலும் குறைந்து போய்விடவில்லை.

11. "சார், எங்க ஸ்கூல் லேப்ல எபோனைட் தண்டை எவ்வளவு தேய்ச்சாலும் காகிதத் துண்டு ஒட்ட மாட்டேங்குது. பசங்க சிரிக்கிறாங்க."

ராமேசுவரம் தீவில் இயற்பியல் எடுக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் உள்ள கஷ்டம் இது. கம்பளியால் தேய்க்கும்போது எலக்ட்ரான்கள் கம்பளியில் இருந்து தண்டுக்கு வரும், தண்டு நெகட்டிவ் ஆகும். அந்த மின்னூட்டம் மிகச் சின்னது. தண்டின் மேல் ஈரப் படலம் இருந்தால் தேய்க்கத் தேய்க்கவே உங்கள் கை வழியாக இறங்கிப் போய்விடும். 6-ஆம் பதிலில் உள்ள உப்புச் சங்கதி இங்கேயும் பொருந்தும். கம்பளியும் ஈரம் குடித்திருக்கும்.

ஆனால் பாதிக் குற்றம் காற்றின் மேல் இல்லை. தண்டை ஜன்னல் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வெளிச்சமும் காற்றும் சேர்ந்து எபோனைட்டின் மேல் தோலில் உள்ள கந்தகத்தை ஆக்சிஜனோடு சேர்த்துவிடும். கடைசியில் அது சல்பூரிக் அமிலமாகி மெல்லிய படலமாக நிற்கும். அமிலம் ஈரத்தை இழுக்கும், கரண்டையும் கடத்தும். கறுப்புத் தண்டு பழுப்பாகவோ பச்சை கலந்தோ தெரிந்தால் இதுதான் விஷயம்.

மிக நைசான உப்புத்தாளால் அந்தத் தோலை உரித்து எடுங்கள். பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். காய்ந்தபின் ஒரு நுனியை மட்டும் பிடியுங்கள், தேய்க்கும் பகுதியில் விரல் படக் கூடாது. கம்பளியை முன்கூட்டியே வெயிலில் காயப் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பாடத்தை எடுக்காமல் பங்குனி, சித்திரை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தால் இன்னும் நல்லது. வேலை முடிந்ததும் தண்டைத் துணியில் சுற்றி இருட்டு அலமாரியில் வையுங்கள்.

12. "தாத்தாவோட கறுப்பு பேனா பச்சையாயிடுச்சு, வெந்நீர்ல கழுவினதும் இன்னும் மோசமாயிடுச்சே?"

மேலே தண்டுக்குச் சொன்ன அதே ஆக்சிஜன் சேர்க்கைதான். வெந்நீர் அந்தத் தோலை இன்னும் வெளிறச் செய்யும், அமுக்கினால் வடிவமும் கெடும். பச்சைத் தண்ணீரில் கழுவி, பாலிஷ் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் அடியில் கறுப்பு தெரியும். மேலே பதித்த எழுத்தும் கோடும் சேர்ந்து தேயும் என்பதால் நானாக இருந்தால் அந்தப் பச்சையோடே வைத்துக்கொள்வேன்.

13. "மீன் பெட்டிக்கு எபோனைட் ஷீட் அடிச்சா ஐஸ் கூட நேரம் நிக்குமா?"

நிற்காது. 4-ஆம் பதிலில் 0.16 என்று பார்த்தோம். தெர்மக்கோலுக்கு 0.035. பெட்டியின் ஒரு சதுர மீட்டர் சுவரை எடுத்துக்கொள்வோம். கனம் 5 சென்டிமீட்டர், வெளியே 30 டிகிரி, உள்ளே ஐஸ். தெர்மக்கோல் வழியாக 21 வாட் சூடு உள்ளே வரும், ஒரு நாளைக்கு 5.4 கிலோ ஐஸ் கரையும். எபோனைட் வழியாக 96 வாட், ஏறக்குறைய 25 கிலோ கரையும். அதே வேலைக்கு எபோனைட் நாலரை மடங்கு கனம் வேண்டும். அந்த எடையைத் தூக்க இன்னொரு வண்டி வேண்டும்.

தெர்மக்கோல் ஜெயிப்பதற்குக் காரணம் அதற்குள் அடைபட்ட காற்று. எபோனைட்டையும் அப்படி நுரையாகப் பொங்க வைக்கலாம். பொங்கிய எபோனைட்டின் எண் 0.03-க்குப் பக்கம் வரும். ஒரு காலத்தில் குளிர்பதன வேலைகளுக்குப் பயன்படுத்தினார்கள். மலிவான பிளாஸ்டிக் நுரைகள் வந்தபின் அது வழக்கொழிந்துவிட்டது.

14. "சூடு கடத்தாதுன்னா இஞ்சின் ரூம்ல, சைலன்சர் பக்கத்துல போடலாம்ல?"

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சூட்டை மெதுவாகக் கடத்துவது வேறு, சூட்டைத் தாங்குவது வேறு. சாதாரண எபோனைட் 70, 80 டிகிரியிலேயே தொய்யத் தொடங்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கையால் வளைக்கலாம். பாரம் தாங்குகிற இடம் என்றால் 60 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது உத்தமம். சித்திரை வெயிலில் மேல்தளத்தில் கிடக்கும் கறுப்புப் பொருள் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும். சைலன்சர் பக்கம் வாய்ப்பே இல்லை.

15. "எபோனைட் போர்டுல முடுக்கின பித்தளை ஸ்க்ரூ மூணு மாசத்துல லூஸ் ஆயிடுது, ஏன்?"

சூட்டில் எபோனைட் அதிகமாக விரியும், பித்தளையைவிட மூன்றரை மடங்கு, இரும்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. 30 சென்டிமீட்டர் போர்டு ராத்திரிக்கும் மத்தியானத்துக்கும் 30 டிகிரி மாறினால் 0.6 மில்லிமீட்டர் நீளும். இரும்புச் சட்டம் அதே நேரத்தில் 0.1-தான் நீளும். தினமும் இப்படி இழுபறி நடந்தால் ஸ்க்ரூ தளரத்தான் செய்யும். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, ஸ்பிரிங் வாஷர் வையுங்கள். ஓரத்துக்கு மிக அருகில் ஓட்டை போட்டால் விரிசல் விடும்.

16. "அந்த போர்டுல செம்பு ஒயர் முனையெல்லாம் கறுத்துப் போகுதே, உப்புக் காத்தா?"

உப்புக் காற்றில் செம்பு பெரும்பாலும் பச்சை பிடிக்கும். கறுப்பு என்றால் கந்தகத்தைச் சந்தேகப்படுங்கள். ரப்பரில் மிச்சமிருக்கும் கந்தகம் செம்போடு சேர்ந்து காப்பர் சல்பைடு ஆகும். ரப்பர் இன்சுலேஷன் போட்ட பழைய ஒயர்களில் செம்புக்கு வெள்ளீயம் பூசியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான். ஒயர் முனையில் வெள்ளீயம் பூசிய லக் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

17. "கறுப்பா இருக்கிற ரப்பர் எல்லாம் ஷாக் அடிக்காதுதானே? டயர் துண்டு மேல நின்னு வேலை பார்க்கலாமா?"

வேண்டாம். டயர் கறுப்பாக இருப்பது கார்பன் பிளாக் என்ற கரித்தூளால். அது அதிகம் சேர்ந்தால் ரப்பர் கொஞ்சம் கடத்தத் தொடங்கும். நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. போர்டு முன்னால் விரிக்க ஐஎஸ் 15652 முத்திரை உள்ள இன்சுலேட்டிங் மேட், கைக்கு ஐஎஸ் 4770 ரப்பர் கையுறை என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் இழுபடும் ரப்பர் வகை, எபோனைட் இல்லை. அவற்றையும் 6-ஆம் பதிலில் சொன்ன மாதிரி நல்ல தண்ணீரால் துடைத்தே பயன்படுத்துங்கள்.

18. "அவ்வளவு நல்ல இன்சுலேட்டர்னா, ஈபி-காரங்க ஏன் கம்பத்துல பீங்கான் மாட்டுறாங்க?"

பாம்பன் ரோட்டில் விடிகாலை பனியில் கம்பத்து இன்சுலேட்டர் சிர்ர் என்று பொறி விடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். உப்புப் படிந்த பரப்பில் பனி இறங்கினால் பீங்கானிலும் கரண்ட் கசியும். அந்தக் கசிவின் சூட்டில் படலம் அங்கங்கே காய்ந்து, காய்ந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாயும். பீங்கான் அந்தப் பொறியைத் தாங்கிக்கொள்ளும். எபோனைட் கார்பன் சேர்ந்த பொருள், பொறி பட்ட இடம் கருகிக் கரிக்கோடு விழும். கரி கடத்தும். அடுத்த பொறி அதே கோட்டில் இன்னும் கொஞ்சம் நீளும், ஒரு நாள் முழுப் பாதையும் போட்டுவிடும். வெயிலால் வரும் சேதம் (11-ஆம் பதில்) இதற்கு மேல். இப்போது பல இடங்களில் மாட்டும் சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர் வேறு சாதி. அதன் மேல் தண்ணீர் படலமாகப் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். எபோனைட்டின் இடம் வெயிலும் சாரலும் படாத உள்பக்கம்தான்.

19. "ஒரே எபோனைட் டெர்மினல் கட்டை, கடையில மெக்கர் வச்சா இன்ஃபினிட்டி, போட்ல வச்சா 2 மெகா ஓம். கட்டை போச்சா?"

மெக்கர் என்பது அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர். அது உள்ளே போகும் கரண்டையும் மேலே கசிவதையும் சேர்த்தேதான் அளக்கும். பிரிப்பதற்கு வழி உண்டு. பெரும்பாலான மெக்கரில் லைன், எர்த் தவிர கார்டு என்று மூன்றாவது முனை இருக்கும். கட்டையின் நடுவில் வெறும் செம்புக் கம்பியை இறுக்கமாகச் சுற்றி அதைக் கார்டில் கொடுங்கள். மேல் கசிவு அந்த வழியாகத் திரும்பிவிடும், முள் அதைக் கணக்கில் எடுக்காது. கார்டு கொடுத்ததும் மறுபடி இன்ஃபினிட்டிக்குப் போனால் கட்டை நன்றாக இருக்கிறது, கழுவினால் போதும். கொடுத்தும் 2 மெகா ஓமிலேயே நின்றால் உள்ளே விரிசலோ கரிக்கோடோ இருக்கிறது, மாற்றுங்கள்.

20. "அமிலத் தொட்டியில உள்ளே ஒட்டின எபோனைட்ல ஊசி ஓட்டை இருந்தா எப்படித் தெரியும்?"

அதன் இன்சுலேஷன் குணத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். தொட்டியின் இரும்பை எர்த் செய்துவிட்டு, பல ஆயிரம் வோல்ட் ஏற்றிய பிரஷ்ஷை லைனிங் மேல் தடவிக்கொண்டே போவார்கள். முழுசாக உள்ள இடத்தில் ஒன்றும் நடக்காது. ஊசிமுனை ஓட்டை இருந்தால் அதன் வழியே இரும்புக்குப் பளிச்சென்று பொறி பாயும், அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார்கள். வோல்ட் லைனிங்கின் கனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தவும் கூடாது. இல்லையென்றால் நல்ல இடத்தையும் சோதனையே துளைத்துவிடும். தொட்டி ஈரமாக இருக்கும்போது இதைச் செய்தால் எல்லா இடமும் பொறி விடும், காயவைத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

21. "இப்ப புதுசா எபோனைட் வாங்கணும்னா என்ன கேட்டு வாங்கணும்?"

லேப் தண்டு, மின் கருவிக் கட்டை என்றால் நிரப்பி சேர்க்காத சரக்கா என்று கேளுங்கள். உடைத்துப் பார்த்தால் உடைந்த முகம் பளபளப்பாக இருக்க வேண்டும், மண் மாதிரி மங்கலாக இருந்தால் தூள் அதிகம். பேனா செய்பவர்களுக்கு வரும் கம்பி பெரும்பாலும் நல்ல தரம். கலர் கலராக வருவதில் நிறத்தூள் இருக்கும், அது பேனாவுக்கு மட்டும் போதும். படகு போர்டுக்கு என்றால் எபோனைட்டைத் தேடி அலையவே வேண்டாம். கண்ணாடி இழை எபாக்ஸி ஷீட் வாங்குங்கள். அது உடையாது, சூட்டில் தொய்யாது, கந்தகமும் கிடையாது. மேலே உப்புப் படிவது மட்டும் அதற்கும் உண்டு, அந்த ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் அதற்கும் வேண்டும்.